கிராமத்தின் உடல்நலத்தைக் கணக்கெடுப்பது எப்படி? பூட்டிய வீட்டையும் விடாத ஒரு முழு வழிகாட்டி

முதல் முறை நாங்கள் ஒரு கிராமத்தில் வீடு வீடாகக் கணக்கெடுத்தபோது காலை 10 மணிக்குப் போய் மாலை 4 மணிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பூட்டியிருந்த வீடுகளுக்கு நேராக ‘பூட்டு’ என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனோம். ஒரு வாரத்தில் வேலை முடிந்தது. சர்க்கரையும் பிரஷரும் உள்ளவர்களில் பெரும்பாலோர் ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று கணக்கு சொன்னது. எங்களுக்கும் சந்தோஷம். தாளை அந்த ஊரின் கிராம சுகாதார செவிலியரிடம் காட்டினோம். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பகல்ல வீட்ல இருக்கிறவங்களைத்தானே பாத்திருக்கீங்க. மாத்திரை வாங்க வராதவங்க எல்லாம், நீங்க பூட்டுன்னு எழுதியிருக்கீங்களே, அந்த வீட்லதான் இருக்காங்க.”

விடிந்ததும் வேலைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறவரால் ஆரம்ப சுகாதார நிலையம் திறந்திருக்கும் நேரத்தில் அங்கே போக முடியாது. நாங்கள் கதவைத் தட்டும் நேரத்திலும் அவர் வீட்டில் இருக்க மாட்டார். மருத்துவம் யாரைத் தவறவிடுகிறதோ, அவர்களையே எங்கள் கணக்கும் தவறவிட்டிருந்தது. அதன் பிறகு நாங்கள் எடுத்த ஒவ்வொரு கணக்கெடுப்பையும் அந்தப் பூட்டிய வீடுகளை மனத்தில் வைத்தே திட்டமிட்டோம். இந்த வழிகாட்டியும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஊர் இளைஞர் குழு, செவிலியர் கல்லூரி மாணவர்கள், தொண்டு நிறுவனம், ஊராட்சி என யார் இறங்கினாலும் பயன்படும்.

1. எதற்காகக் கேட்கிறோம் என்பதை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

‘கிராமத்தின் சுகாதார நிலையை அறிவது’ என்று எழுதினால் கேள்வித்தாள் 20 பக்கத்துக்கு நீளும், எதற்கும் பயன்படாது. அதற்குப் பதிலாக, இந்தப் பதில் கையில் கிடைத்தால் யார் எதை மாற்ற முடியும் என்று எழுதுங்கள். மாத்திரை கொடுக்கும் நேரத்தைச் செவிலியர் மாலைக்கு மாற்றலாம். சோதனைக்கான முகாமை வட்டார மருத்துவ அலுவலர் ஞாயிற்றுக்கிழமை போடலாம். குடிநீர்த் தொட்டியை ஊராட்சி கழுவலாம். யாராலும் எதையும் மாற்ற முடியாத கேள்வி என்றால், அது எவ்வளவு சுவையானதாக இருந்தாலும் அடித்துவிடுங்கள். ஒரு வீட்டில் 40 நிமிடத்துக்கு மேல் உட்காரும் உரிமை நமக்கு இல்லை.

2. ஏற்கனவே இருக்கும் கணக்கைப் படியுங்கள்

சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது அரசின் அளவுகோல். மலைப் பகுதியிலும் பழங்குடிப் பகுதியிலும் இது 3,000, 20,000. உங்கள் ஊர் எந்தத் துணை நிலையத்தின் கீழ் வருகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அங்குள்ள செவிலியரின் பதிவேட்டில் கர்ப்பிணிகள், பிறப்பு, தடுப்பூசி எல்லாம் இருக்கும். கர்ப்பப் பதிவுகள் அரசின் ‘பிக்மி’ இணையத்தளத்திலும் ஏறும். அங்கன்வாடியில் குழந்தைகளின் எடை இருக்கும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் தன்னார்வலர்களிடம், வீட்டுக்கே மாத்திரை வாங்குகிறவர்களின் பட்டியல் இருக்கும். பெயர்ப் பட்டியலைக் கேட்காதீர்கள், மொத்த எண்ணிக்கை போதும்.

அடுத்து, தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் உங்கள் மாவட்டத் தாளைப் பாருங்கள். அதைப் படித்தால் எந்தக் கேள்விக்கு உயிர் இருக்கிறது, எதற்கு இல்லை என்று தெரியும். ஓர் உதாரணம். 2019-21 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. இதற்குப் பிறகும் நம் கேள்வித்தாளில் ‘பிரசவம் வீட்டிலா, மருத்துவமனையிலா?’ என்று கேட்பது நேரத்தை வீணாக்குவது. அதே கணக்கெடுப்பில் சிசேரியன் 44.9 சதவீதம், 15 முதல் 49 வயதுப் பெண்களில் ரத்தசோகை 53.4 சதவீதம். அப்படியானால் நம் கேள்விகள் வேறு இடத்துக்குப் போக வேண்டும். ஆபரேஷன் என்று எப்போது சொன்னார்கள், யார் முடிவு செய்தார்கள், வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் தையலை யார் பார்த்தார்கள், இரும்புச்சத்து மாத்திரை வயிற்றைப் புரட்டியபோது என்ன செய்தார்கள்? கிராமத்தின் உண்மை இப்போது அங்கேதான் இருக்கிறது.

பதிவேடு காட்டாததும் உண்டு. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் ராணி பங், அபய் பங் என்ற மருத்துவத் தம்பதியினர் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்தார்கள். 1989-இல் அதன் முடிவு வெளியானது. 92 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு பெண்நோயியல் அல்லது பால்வினைக் கோளாறு இருந்தது. அதற்கு முன் அதற்காகப் பரிசோதிக்கப்பட்டவர்கள் 8 சதவீதம் மட்டுமே. எந்த மருத்துவமனைப் பதிவேட்டைப் புரட்டியிருந்தாலும் இந்த 92 கிடைத்திருக்காது. ஊருக்குள் போய், நம்பிக்கையைச் சம்பாதித்து, கேட்டதால்தான் கிடைத்தது.

3. அனுமதியும் ஒப்புதலும்

ஊராட்சித் தலைவரிடமும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரிடமும் எழுத்தில் தெரிவியுங்கள். ஆய்வாக வெளியிடும் எண்ணம் இருந்தால், ஏதாவது ஒரு கல்லூரி அல்லது நிறுவனத்தின் அறநெறிக் குழுவின் ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017 நெறிமுறைகள் இதை விரிவாகச் சொல்கின்றன. 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் ஒப்புதலும், 7 வயதைத் தாண்டிய பிள்ளையிடம் அதன் சம்மதமும் வேண்டும்.

தலைவர் சரி என்றால் ஊரே சரி என்று ஆகாது. ஒவ்வொரு வீட்டிலும், ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்க வேண்டும். ஒப்புதல் தாளில் நாங்கள் பெரிய எழுத்தில் வைக்கும் வரி இது: “பதில் சொல்ல விருப்பம் இல்லையென்றால் வேண்டாம். அதனால் உங்களுக்கு வரும் ரேஷன், உதவித்தொகை, மாத்திரை எதுவும் நிற்காது. பதில் சொன்னால் புதிதாகப் பணமும் வராது.” இரண்டாவது பாதியும் முக்கியம். கையில் தாளோடு வருகிறவர்கள் ஏதோ கொடுக்கத்தான் வருகிறார்கள் என்று மக்கள் நினைப்பது இயல்பு. உதவி வரும் என்று நினைத்தால் கஷ்டம் கூடும், உரிமைத்தொகை போய்விடும் என்று பயந்தால் நிலமும் மாடும் மறையும்.

ஆதார் எண்ணை வாங்காதீர்கள், அட்டையைப் போட்டோ எடுக்காதீர்கள். எச்.ஐ.வி. பற்றி வீட்டுக் கணக்கெடுப்பில் கேட்கவே கூடாது. அதன் ரகசியத்துக்கென்றே 2017-இல் தனிச் சட்டம் இருக்கிறது. பெயர், வீட்டு எண் இருக்கும் தாள் தனி, பதில் இருக்கும் தாள் தனி. இரண்டையும் இணைப்பது ஓர் அடையாள எண் மட்டும்.

4. ஊரை வரைதல்

இந்தப் படியை நிதானமாகச் செய்யுங்கள். வாக்காளர் பட்டியல், ரேஷன் பட்டியல் எதுவும் இதற்கு ஈடாகாது. ஒரு மாலை நேரத்தில் தெருவில் கோலப்பொடியால் ஊரை வரையச் சொல்லுங்கள். பெண்கள் வரைந்தால் குழாயடி, அங்கன்வாடி, ரேஷன் கடை வரும். ஆண்கள் வரைந்தால் பஸ் நிறுத்தம், டீக்கடை, பம்புசெட் வரும். இரண்டும் வேண்டும். சிறுவர்களிடம் கேட்டால் யாருக்கும் தெரியாத தோட்டத்து வீடுகூட வரும்.

அப்புறம் அந்த வரைபடத்தோடு ஊரின் எல்லா ஓரத்துக்கும் நடந்து போங்கள். ஊரும் பட்டியல் சாதியினரின் தெருவும் தள்ளித் தள்ளி இருப்பது நம் கிராமங்களின் அமைப்பு. வெளியிலிருந்து வருகிறவரை ஊர்த் தெருவிலேயே உட்கார வைத்து, காபி கொடுத்து, ‘எல்லாம் இவ்வளவுதான்’ என்று அனுப்பிவிடுவார்கள். நாங்கள் எப்போதும் தள்ளி இருக்கும் தெருவிலிருந்து வேலையைத் தொடங்குகிறோம். கண்மாய்க் கரைக் குடிசைகள், செங்கல் சூளை, அரிசி ஆலையில் தங்கியிருக்கும் வடமாநிலத் தொழிலாளர் கொட்டகை, ஆட்டுக்கிடை போட்டிருக்கும் கீதாரிகள் (ஊர் ஊராகப் போகும் ஆடு மேய்ப்பர்கள்) எல்லாமே வரைபடத்தில் ஏற வேண்டும்.

குடும்பம் என்றால் என்ன என்பதை இங்கேயே முடிவு செய்துவிடுங்கள். ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். ஒரு வீட்டில் மூன்று ரேஷன் கார்டு இருக்கலாம், அடுப்பு ஒன்றாக இருக்கலாம். அதே வீட்டின் பின்கட்டில் தனியே பொங்கிச் சாப்பிடும் பாட்டி தனிக் குடும்பம். அந்தப் பாட்டிதான் பெரும்பாலும் விட்டுப்போவார்.

5. எத்தனை வீடு?

ஊரில் 300, 400 வீடுகள்தான் என்றால் எல்லா வீட்டுக்கும் போய்விடுங்கள். ஏன் என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன். ஒரு சதவீதத்தை, கூடக் குறைய 5 புள்ளிக்குள், 95 சதவீத நம்பகத்தோடு சொல்ல, பெரிய மக்கள்தொகையில் 384 மாதிரிகள் தேவை. 400 வீடு மட்டுமே உள்ள ஊரில் அது 196 ஆகக் குறையும். பாதி ஊருக்குப் போகத்தான் வேண்டும் என்றால் மீதிப் பாதியை ஏன் விட வேண்டும்? ‘எங்க வீட்டுக்கு ஏன் வரல?’ என்ற மனத்தாங்கலும் இருக்காது.

பெரிய ஊர் என்றால், 900 வீட்டில் 300 தேவை என்று வைத்துக்கொள்வோம். வரைபடத்தின் வரிசைப்படி எண்ணிட்டு, 1 முதல் 3 வரை சீட்டுக் குலுக்கி, வந்த எண்ணிலிருந்து ஒவ்வொரு மூன்றாவது வீடாக எடுங்கள். பல ஊர்களில் குழந்தைகளின் தடுப்பூசியை மட்டும் பார்ப்பதென்றால் உலக சுகாதார நிறுவனம் பரப்பிய பழைய முறை ஒன்று உண்டு. 30 இடங்கள், இடத்துக்கு 7 குழந்தைகள், ஆக 210.

ஒன்றே ஒன்றைச் செய்யாதீர்கள். தேர்வான வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டை எடுத்துக்கொள்வது. எண்ணிக்கை நிறையும், உண்மை போய்விடும்.

6. கேள்வித்தாள்

புத்தகத் தமிழில் எழுதி, களத்தில் ஆளுக்கொரு மாதிரி மொழிபெயர்த்துக் கேட்டால் ஐந்து பேரும் ஐந்து கேள்வி கேட்டதாக ஆகும். பேசும் தமிழிலேயே அச்சிடுங்கள், அப்படியே வாசிக்கச் சொல்லுங்கள். ‘உங்களுக்கு நீரிழிவு நோய் உள்ளதா?’ என்பதை யாரும் பேசுவதில்லை. ‘சுகர் இருக்கா?’ என்றாலும் சிக்கல் தீராது. ஒரு பெரியவரிடம் கேட்டோம். “இல்லப்பா, இப்ப இல்ல” என்றார். பின்னால் அலமாரியில் மாத்திரை அட்டை தெரிந்தது. “ஐயா, அது என்ன மாத்திரை?” என்றோம். “அது சுகருக்கு. மாத்திரை போட்டதுல கொறைஞ்சிடுச்சு, அதான் இல்லன்னேன்.” அவர் பொய் சொல்லவில்லை, கேள்விதான் தவறு. இப்போது இப்படிக் கேட்கிறோம்: “எப்பவாவது டாக்டரோ நர்ஸோ உங்களுக்கு சுகர் இருக்குன்னு சொல்லியிருக்காங்களா?”

மாத்திரை விஷயமும் அப்படித்தான். “ஒழுங்கா மாத்திரை போடுறீங்களா?” என்று கேட்டால் திட்டு வாங்கப்போகும் பிள்ளையைப் போல எல்லோரும் ஆமாம் என்பார்கள். “நிறைய பேருக்கு நடுவுல விட்டுப்போகுது. உங்களுக்குக் கடைசியா என்னைக்கு விட்டுப்போச்சு?” என்று கேட்டால் பதில் வரும். கூடவே “அட்டையைக் கொஞ்சம் காட்டுறீங்களாம்மா?” என்று கேட்டு எண்ணிப் பாருங்கள்.

நினைவுக்கு எல்லை உண்டு. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, இருமல் போன்றவற்றுக்குக் கடந்த 15 நாள். மருத்துவமனையில் படுத்தது பற்றிக் கடந்த 365 நாள். தேசிய மாதிரிக் கணக்கெடுப்பும் இந்த அளவுகளைத்தான் பயன்படுத்துகிறது. 365 நாள் என்று சொன்னால் யாருக்கும் பிடிபடாது, ‘போன பொங்கல்ல இருந்து’ என்று தொடங்குங்கள். தேதியைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

வயதுக்கும் இதே வழி. பிறந்த தேதி தெரியாத முதியவரிடம் நிகழ்ச்சியைக் கேளுங்கள். தனுஷ்கோடியைப் புயல் அழித்தபோது (1964) நடந்துபோகும் வயதா, பள்ளிக்கூடம் போகிற வயதா? எம்.ஜி.ஆர். இறந்தபோது (1987 டிசம்பர்) முதல் பிள்ளை பிறந்திருந்ததா? டெல்டாவில் பிள்ளைகளின் வயதுக்குக் கஜா புயல் (2018 நவம்பர்) நல்ல அடையாளம். உங்கள் ஊரின் சொந்த நாட்காட்டி ஒன்றைத் தயார் செய்யுங்கள். கோயில் கும்பாபிஷேகம், ஏரி உடைந்த வருஷம், கரண்ட் வந்த வருஷம் என்று.

வருமானத்தை நேரடியாகக் கேட்டு உண்மையான பதில் வாங்கியவர் யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. வீட்டின் சுவர், கூரை, கழிப்பறை, வண்டி, ஆடு மாடு இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். செலவைக் கேட்கும்போது மருத்துவமனை பில்லோடு நின்றுவிடாதீர்கள். அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம்தான். ஆனால் பஸ், ஆட்டோ, கூட இருந்தவரின் சாப்பாடு, வெளியே எழுதிக்கொடுத்த ஸ்கேன், நோயாளி இழந்த கூலி, துணைக்கு வந்தவர் இழந்த கூலி ஆகியவற்றைத் தனித்தனி வரியாகக் கேளுங்கள். பணம் எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள். சேமிப்பா, நகை அடகா, வட்டிக் கடனா, சுயஉதவிக் குழுவா? எங்கள் கேள்வித்தாளில் எனக்கு மிகவும் வேண்டியது இந்தப் பக்கம்தான். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை வீட்டில் இருந்தும் கடன் ஏன் வந்தது என்பது இந்த வரிகளில்தான் தெரியும்.

‘எங்கே வைத்தியம் பார்த்தீர்கள்?’ என்று ஒரே கேள்வியாக முடித்துவிட்டால் கடைசியில் போன இடம் மட்டும் வரும். முதலில் என்ன செய்தீர்கள், அப்புறம் எங்கே, அப்புறம் எங்கே என்று வரிசையாகக் கேளுங்கள். கை வைத்தியம், மெடிக்கல் ஷாப், ஊரில் ஊசி போடுகிறவர், மந்திரிப்பது, ஆரம்ப சுகாதார நிலையம், தனியார், கடைசியில் ஜி.எச். ஒவ்வோர் இடத்திலும் எத்தனை நாள், எவ்வளவு பணம், ஏன் அடுத்த இடத்துக்கு மாறினார்கள்? கிராமப்புற மருத்துவத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல கேள்வி இல்லை.

‘சிகரெட் பிடிப்பீர்களா?’ என்றால் வெற்றிலையோடு புகையிலை போடும் பாட்டிகள் எல்லாம் இல்லை என்பார்கள். புகையிலையைத் தனியே கேளுங்கள். வெள்ளைப்படுதல், மாதவிலக்கு, கர்ப்பப்பை எடுத்தது இவற்றைப் பெண்தான் கேட்க வேண்டும். மாமியாரோ கணவரோ பக்கத்தில் இருந்தால் அந்தப் பக்கத்தைத் தாண்டிவிட்டு இன்னொரு நாள் வாருங்கள். மாற்றுத்திறனைப் பற்றி ‘ஊனம் உண்டா’ என்று கேட்பது புண்படுத்தும், பதிலும் வராது. பார்க்க, கேட்க, நடக்க, நினைவில் வைக்க, தன்னைப் பார்த்துக்கொள்ள, பேசிப் புரியவைக்கக் கஷ்டம் இருக்கிறதா என்று ஆறு கேள்விகளாகக் கேட்கும் வாஷிங்டன் குழு முறை மிக நல்லது.

இறப்பைக் கேட்பது

கடந்த ஓராண்டில் வீட்டில் யாராவது இறந்தார்களா என்பதைக் கடைசியில் கேளுங்கள். மென்மையாக, அவசரப்படாமல், தேவைப்பட்டால் வேறொரு நாளில். ஆனால் கேட்காமல் விடாதீர்கள். பாம்புக்கடி ஒன்று போதும், ஏன் என்று விளங்க. நாடெங்கும் வீடுகளுக்குப் போய், இறந்தவரின் கடைசி நாட்களைக் குடும்பத்தாரிடம் கேட்டு, அதை மருத்துவர்கள் படித்துக் காரணத்தை முடிவு செய்த ஆய்வு ஒன்று 2011-இல் வெளியானது. 2005-ஆம் ஆண்டில் இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 45,900 பேர் இறந்திருப்பார்கள் என்று அது கணித்தது. மருத்துவமனைகளின் கணக்கைப் போல 30 மடங்குக்கும் மேல். இறந்தவர்களில் 23 சதவீதம் பேர்தான் மருத்துவமனையில் இறந்திருந்தார்கள். மற்றவர்கள் வயலில், வழியில், வீட்டில் போனவர்கள். மருத்துவமனையில் இருந்துகொண்டு எண்ணினால் அவர்கள் தெரிய மாட்டார்கள்.

காரணத்தை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். ‘மாரடைப்பு’ என்று எழுதாமல், குடும்பத்தார் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதி மருத்துவரிடம் கொடுங்கள்.

7. அளவீடுகள்

பிரஷர்: வந்தவுடன் பட்டையைக் கட்டாதீர்கள். 5 நிமிடம் உட்கார வைத்து, முதுகு சாய்ந்து, கால் தரையில் பட, கை நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். அளப்பதற்கு முந்தைய அரைமணி நேரத்தில் டீயோ புகையிலையோ கூடாது. பல வீடுகளில் நாற்காலி இருக்காது, மடக்கு நாற்காலி ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். மூன்று முறை அளந்து, முதலாவதை விட்டுவிட்டு, மற்ற இரண்டின் சராசரியை எடுங்கள். 140/90-ஐத் தொட்டால் உயர்வு.

சர்க்கரை: விரலைக் குத்தும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். மாம்பழம் நறுக்கிய விரலில் 300 காட்டும். ஸ்ட்ரிப் டப்பாவை வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் வைத்தால் கெட்டுவிடும். ஒருவருக்குக் குத்திய ஊசி அடுத்தவருக்குக் கூடவே கூடாது. பயன்படுத்தியதைக் கடினமான டப்பாவில் சேர்த்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்படையுங்கள். ஒரு முறை குத்திப் பார்த்து ‘உங்களுக்குச் சுகர்’ என்று சொல்லும் வேலை நமக்கு இல்லை.

6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இடது மேல்கையின் நடுப்பகுதிச் சுற்றளவு போதும். நாடா ஒன்று, அரை நிமிடம். 12.5 சென்டிமீட்டருக்குக் கீழே மெலிவு, 11.5-க்குக் கீழே ஆபத்து.

அளந்து, எழுதிக்கொண்டு, எழுந்து வருவது அநியாயம். 180/110-ஐத் தாண்டியவருக்கு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக அன்றே பரிந்துரைச் சீட்டு. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கை கால் இழுப்பு இருந்தால் உடனே 108. உயிரை விட்டுவிடத் தோன்றுகிறது என்று ஒருவர் சொன்னால் அவரைத் தனியே விடாமல் வீட்டில் நம்பகமான ஒருவரைச் சேர்த்துக்கொண்டு உதவிக்கு வழி செய்யுங்கள். மனநல உதவிக்கு 14416, சுகாதார ஆலோசனைக்கு 104. இந்த எண்களை எல்லோரும் மனப்பாடம் செய்திருக்க வேண்டும்.

8. ஆட்கள்

படித்த பட்டதாரியைவிட, பொறுமையாகக் கேட்கத் தெரிந்த உள்ளூர்ப் பெண் நல்லவர். ஆனால் தன் சொந்தத் தெருவில் கேட்க அவரை அனுப்பாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரியிடம் யாரும் கர்ப்பப்பையைப் பற்றிப் பேச மாட்டார்கள். எல்லாச் சமூகத்திலிருந்தும் ஆட்கள் இருக்கட்டும். யார் எந்த வீட்டுத் திண்ணையில் உட்காருவார், தண்ணீர் வாங்கிக் குடிப்பார் என்பதை ஊர் கவனிக்கும். எல்லா வீட்டிலும் தண்ணீர் வாங்கிக் குடிப்பது எங்கள் குழுவின் விதி.

பயிற்சிக்கு ஐந்து நாள் ஒதுக்குங்கள். இருவர் ஒருவரையே தனித்தனியாக அளந்து, விடை ஒத்துவருகிறதா என்று பார்ப்பது அதில் பாதி நாள் போக வேண்டிய வேலை. பிறகு வேறோர் ஊரில் 15, 20 வீடுகளில் ஒத்திகை. அதில் கேள்வித்தாளின் கால்வாசி மாறும். மாறவில்லையென்றால் ஒத்திகையை ஒழுங்காகச் செய்யவில்லை. கைபேசியில் நிரப்ப ‘கோபோ’, ‘ஓடிகே’ போன்ற இலவசச் செயலிகள் சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும்.

9. பூட்டிய வீடு

இனி களம். நூறு நாள் வேலை, களையெடுப்பு, கட்டட வேலை, பனியன் கம்பெனி வேன் எல்லாம் காலை 8 மணிக்குள் ஊரைக் காலி செய்துவிடும். அதனால் எங்கள் நேரம் காலை 6 முதல் 7.30 வரை, மாலை 6-க்குப் பிறகு, ஞாயிறு முழுநாள். ஆண்களுக்கு ஞாயிறு காலைதான் சரி. ஒரு வீட்டுக்குக் குறைந்தது மூன்று முறை, மூன்று வெவ்வேறு நேரத்தில் போக வேண்டும். வேலை நடக்கும் இடத்துக்கே போய், எந்த நேரத்தில் வரலாம் என்று மட்டும் கேட்டுக்கொள்ளலாம். அங்கே எல்லோர் முன்னாலும் நோயைப் பற்றிக் கேட்கக் கூடாது.

‘பூட்டு’ என்று மட்டும் எழுதுவதை நாங்கள் நிறுத்திவிட்டோம். ஏன் பூட்டு என்று எழுதுகிறோம். தினக்கூலிக்குப் போனவரா, பருவத்துக்கு வெளியூர் போனவரா, நிரந்தரமாகக் குடிபெயர்ந்தவரா, பிள்ளை வீட்டுக்குப் போன முதியவரா? இன்னொரு காரணமும் உண்டு, அதை நாங்கள் மிகத் தாமதமாகத்தான் கற்றோம். வீட்டில் ஒருவர் ஜி.எச்.-இல் படுத்திருப்பார், மற்றவர்கள் அவருக்குத் துணையாகப் போயிருப்பார்கள். மருத்துவமனைச் செலவைப் பற்றிய கணக்கெடுப்பில், செலவு நடந்துகொண்டிருக்கும் அந்த வீடே விட்டுப்போகும். பக்கத்து வீட்டில் கேட்பது ‘எப்ப வருவாங்க?’ என்ற ஒன்றை மட்டும். ‘அவங்களுக்கு என்ன நோய்?’ என்று கேட்டால் அந்தத் தெருவின் நம்பிக்கை அன்றோடு போச்சு.

பருவத்தையும் பாருங்கள். சித்திரை வெயிலில் மட்டும் கேட்டால் ஊரில் காய்ச்சலே இல்லை என்று வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னொரு சின்னச் சுற்று போங்கள்.

10. அன்றாடச் சரிபார்ப்பு

அன்றைய தாள்களை அன்றே பாருங்கள். பிரஷர் எல்லாம் 120, 130, 140 என்று பூஜ்யத்தில் முடிந்தால் யாரோ அளக்காமல் தோராயமாக எழுதுகிறார். ஒருவருடைய நேர்காணல்கள் எல்லாம் 12 நிமிடத்தில் முடிந்தால் அவரோடு அடுத்த நாள் நீங்களும் போங்கள். பத்தில் ஒரு வீட்டுக்கு மேற்பார்வையாளர் திரும்பப் போய் நான்கைந்து கேள்விகளை மறுபடி கேட்க வேண்டும்.

11. கணக்கு

சிக்கலான மென்பொருள் தேவையில்லை, சாதாரண அட்டவணை போதும். எந்த எண்ணைச் சொன்னாலும் எத்தனை பேரில் என்று சேர்த்துச் சொல்லுங்கள். ‘40 சதவீதம்’ என்று சொல்லிவிட்டு ஐந்து பேரில் இருவர் என்பதை மறைக்கக் கூடாது. மொத்த ஊருக்கு ஓர் எண் போட்டதும் நிறுத்தாமல் தெரு வாரியாக, ஆண் பெண்ணாகப் பிரித்துப் பாருங்கள்.

பிரஷரையும் சுகரையும் படிக்கட்டாக எழுதுங்கள். உயர்வு உள்ளவர் எத்தனை பேர், அதில் தனக்கு இருப்பது தெரிந்தவர் எத்தனை பேர், அதில் மாத்திரை எடுப்பவர், அதில் கட்டுக்குள் இருப்பவர். பாதிக்குப் பாதி குறையும் என்று பொதுச் சுகாதாரத்தில் ஒரு பழைய வாய்ப்பாடு உண்டு. 100 பேரில் 50 பேருக்குத் தெரியும், 25 பேர் மாத்திரை எடுப்பார்கள், 12 பேருக்குக் கட்டுக்குள் இருக்கும். உங்கள் ஊரில் எந்தப் படியில் அதிகம் பேர் விழுகிறார்கள் என்று பாருங்கள். தெரியாமல் இருந்தால் சோதனை போதவில்லை. தெரிந்தும் எடுக்கவில்லை என்றால் நேரமோ, தூரமோ, பயமோ காரணம். எடுத்தும் குறையவில்லை என்றால் மருத்துவர் மருந்தை மாற்றிப் பார்க்க வேண்டும்.

பூட்டிய வீட்டையும் கணக்கில் கொண்டுவரலாம். ஓர் உதாரணத்துக்கு, 400 வீட்டில் 340-ஐப் பார்த்தீர்கள், 68 வீட்டில் மருத்துவக் கடன். அதாவது 20 சதவீதம். பார்க்காத 60 வீட்டில் பாதிக்குக் கடன் இருந்தால் மொத்தம் 98, அதாவது 24.5 சதவீதம். ஒருவருக்கும் இல்லையென்றால் 17 சதவீதம். ‘பார்க்காத வீடுகளில் பாதிக்கு மேல் கடன் இல்லை என்று கொண்டால், 17-க்கும் 24.5-க்கும் நடுவில்’ என்று எழுதுவதே நேர்மை.

12. ஊருக்குத் திருப்பிச் சொல்லுதல்

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வருவதைக் குறிவைத்து வேலையை முடியுங்கள். அறிக்கையை வாசிக்காதீர்கள். ஒரு பெரிய தாளில் மூன்றே படம் போதும். எந்தத் தெரு என்று சுட்டிக்காட்டுவதற்கு முன் அந்தத் தெருவில் தனியே உட்கார்ந்து காட்டி, சபையில் சொல்லலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தங்களைப் பற்றிய எண்ணை முதலில் பார்க்க வேண்டியவர்கள் அவர்கள்தான். பலமுறை நம் கணக்கை அவர்களே திருத்துவார்கள்: “கடன் இவ்வளவுதானா? மகளிர் குழுவுல வாங்குனத நீங்க கேக்கவே இல்லையே.” அப்படிக் கேட்கப்பட்டுத்தான் அந்த வரி எங்கள் கேள்வித்தாளில் ஏறியது.

கிராம சுகாதாரம், குடிநீர், துப்புரவுக் குழுவிடம் ஒரு பிரதியும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு பிரதியும் கொடுங்கள். யார், எந்தத் தேதிக்குள், என்ன செய்வதாக ஒப்புக்கொண்டார் என்பதைச் சபையின் தீர்மானப் புத்தகத்தில் எழுதவையுங்கள்.

அந்த முதல் ஊருக்கு மறு ஆண்டு இரண்டாம் முறை போனோம். மூன்று சுற்று முடிந்தும் 11 வீடுகள் பூட்டியே இருந்தன. வீட்டு எண் மட்டும் உள்ள பட்டியலைச் செவிலியரிடம் கொடுத்தோம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பென்சிலால் எழுதினார்: இது திருப்பூர், இது சூளை, இது மகள் வீடு. “வைகாசியில மாரியம்மன் திருவிழா. காப்புக் கட்டிட்டா எல்லாரும் ஊருக்கு வந்துடுவாங்க. அன்னைக்கு வாங்க, நானும் கூட வர்றேன்” என்றார். திருவிழாவுக்கு மறுநாள் காலை, மைக்செட் இறக்கிக்கொண்டிருக்கும்போது போனோம். 11 வீட்டில் 9 வீடு திறந்திருந்தது.